செயற்கைக்கோள் வழியே பேச ஐந்து வாட் போதும். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் ஒரு வாட்கூடக் கூடாது!

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி30 கிளம்பியபோது எல்லோருடைய கண்ணும் அஸ்ட்ரோசாட் மீதுதான் இருந்தது. வானியல் ஆய்வுக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள் என்பதால் அது நியாயமும்கூட. அதே ராக்கெட்டில் ஓர் ஓரமாகப் போய்ச் சேர்ந்த இந்தோனேசியாவின் லாபான்-ஏ2 பற்றி நம்மூரில் பெரிதாக யாரும் பேசவில்லை. ஆனால் ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு அது ஒரு பொக்கிஷம். அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஐஓ-86.

காரணம் அதன் பாதை. பெரும்பாலான சிறிய செயற்கைக்கோள்கள் துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுற்றும். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு நாளில் சில தடவைதான் வரும். ஐஓ-86 அப்படியில்லை. பூமத்திய ரேகையை ஒட்டியே, சுமார் 650 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அதனால் தினமும் 13, 14 தடவை சென்னையின் தெற்கு வானத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்து போகிறது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு மொட்டை மாடி, பரங்கிமலைப் பக்கம் பெரிய கட்டிடம் மறைக்காத ஒரு மூலை. அவ்வளவு இருந்தால் அது கண்ணுக்கெட்டும் தொலைவு, அதாவது ரேடியோவுக்கு எட்டும் தொலைவு. அதற்குள் ஒரு எஃப்.எம். ரிப்பீட்டர் இருக்கிறது. ஒரு அலைவரிசையில் நீங்கள் பேசுவதை வாங்கி, இன்னொரு அலைவரிசையில் அப்படியே கீழே திருப்பி அனுப்பும். அந்த நேரத்தில் அதன் பார்வையில் இருக்கும் யாரும் உங்கள் குரலைக் கேட்கலாம், அவர் ஜகார்த்தாவில் இருந்தாலும் சரி.

இதற்குப் பெரிய டிஷ், கன்ட்ரோல் ரூம் எதுவும் வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் ஐந்து வாட் ரேடியோவும், வீட்டிலேயே செய்துவிடக்கூடிய ஒரு ஆன்டெனாவும் போதும். இந்தியாவில் இதைத் தொடங்க நினைப்பவர்கள் தடுமாறுவது கருவியில் அல்ல. வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முதலில் ஆன்லைனில் செட் வாங்கிவிட்டு, அப்புறம் லைசென்ஸைப் பற்றி யோசிக்கிறார்கள்.

முதலில் வாங்காதீர்கள்

2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாக்கி-டாக்கிகளை முறையின்றி விற்றதாக ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு 13 நோட்டீஸ்கள் அனுப்பியது நினைவிருக்கலாம். எந்த அலைவரிசையில் இயங்கும், லைசென்ஸ் வேண்டுமா, முறையான ஒப்புதல் உண்டா என எதுவும் சொல்லாமல் விற்றார்கள் என்பதே புகார். அதே மாத இறுதியில் இந்த விற்பனைக்கென்றே தனி வழிகாட்டு நெறிமுறைகளும் வந்தன. கார்ட்டில் சேர்த்தோம், டெலிவரி வந்தது, எனவே சட்டப்படி சரி என்று நினைக்க இனி வழியில்லை.

உண்மையில் எப்போதுமே வழியிருக்கவில்லை. 1933-ம் ஆண்டின் வயர்லெஸ் சட்டக் காலத்திலிருந்தே, அனுமதியில்லாமல் டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பதே குற்றம். பேச வேண்டும் என்றுகூட இல்லை, கையில் இருந்தாலே போதும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்தி செட்டுகளுக்கு மட்டும் 2018-ல் விலக்கு கிடைத்தது. ஹாம் செயற்கைக்கோள்களுக்குப் பயன்படும் செட்டுகள் அந்தக் கணக்கில் வராது.

இது வெறும் அரசாங்கக் கெடுபிடியும் அல்ல. மலிவான சீன செட்டுகள் பலவும் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையும், 400 முதல் 520 வரையும் எங்கு வேண்டுமானாலும் பேசும். இதில் இந்திய ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்டது 144–146, 434–438 என்ற இரண்டு சின்னத் துண்டுகள் மட்டுமே. மீதி இடங்களில் காவல்துறை, பாதுகாப்புப் படைகள், அவசர சேவைகள் என்று யாராவது வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் பரங்கிமலையின் ராணுவ வளாகம். இங்கே பட்டனைத் தப்பாக அழுத்தினால் “சும்மா டெஸ்ட் பண்ணேன் சார்” என்ற பதில் எடுபடாது.

லைசென்ஸ் வருவதற்குள் கேட்கலாம்

கையில் ஒரு கருவியும் இல்லாமலேயே தொடங்க ஒரு வழி இருக்கிறது. இப்போது உங்கள் கையில் உள்ள போன் போதும். சாட்நாக்ஸ் என்ற திட்டத்தில், உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் தங்கள் மாடிகளில் தரைநிலையங்களை வைத்து, செயற்கைக்கோள்களின் ஒலியைப் பதிவு செய்து பொதுவில் வைக்கிறார்கள். பிரவுசரில் திறந்து கேட்கலாம். முதல் தடவை கேட்கும்போது இரைச்சல்தான் காதில் விழும். அந்த இரைச்சலுக்குள் மெல்ல எழுந்து மறையும் குரலைப் பிரித்தெடுக்கக் காதுக்குப் பழக்கம் வேண்டும். பயிற்சி தேவைப்படுவது அங்கேதான்.

கியூஓ-100 இன்னும் சுலபம். கத்தாரின் எஸ்ஹெயில்-2 என்ற டி.வி. செயற்கைக்கோளில் ஹாம்களுக்கென்று பொருத்தப்பட்ட பகுதி அது. புவிநிலைச் சுற்றுப்பாதையில் இருப்பதால் அசையாது. பிரேசில் முதல் தாய்லாந்து வரை அதன் பார்வையில் வரும். இங்கிலாந்தின் கூன்ஹில்லியில் அதற்கென்று ஒரு வெப் எஸ்.டி.ஆர். இயங்குகிறது. ராத்திரி தூக்கம் வராத நேரத்தில் இன்ஸ்டாவுக்குப் பதிலாக அதைத் திறந்து பாருங்கள். ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் அரட்டை அடிப்பது நேரலையில் கேட்கும்.

சர்வதேச விண்வெளி நிலையம் அவ்வப்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் படங்களை ஒலியாக அனுப்பும். ஒரு படம் வர ஏறக்குறைய இரண்டு நிமிடம். ரேடியோ ஸ்பீக்கர் பக்கத்தில் போனைப் பிடித்து, ரோபோட்36 என்ற ஆப்பைத் திறந்தால், அந்தக் கீச்சுச் சத்தம் வரிவரியாகப் படமாக மாறும். இதை லைசென்ஸ் உள்ள ஒருவரின் மாடியில், அவர் பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது. மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி போன்ற அமைப்புகள் நகரில் இருக்கின்றன. இந்த ஆர்வலர்களிடம் ஒரு குணம்: யாராவது ஆர்வமாகக் கேட்டால் போதும், டீ ஆறிப்போகும்வரை சொல்லிக்கொடுப்பார்கள்.

தேர்வு கஷ்டமா?

இல்லை. பரீட்சையின் பெயர் அமெச்சூர் ஸ்டேஷன் ஆபரேட்டர்ஸ் சர்டிஃபிகேட். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு இதைக் கவனிக்கிறது. 12 வயது நிரம்பியிருந்தாலே எழுதலாம். அடிப்படை மின்சாரம், ரேடியோ எப்படி வேலை செய்கிறது, காற்றலையில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது ஆகியவைதான் பாடம். பத்தாம் வகுப்பு இயற்பியல் கொஞ்சம் ஞாபகம் இருந்தால் ஒப்பேற்றிவிடலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என இரண்டு நிலைகள் உண்டு. ரெஸ்ட்ரிக்டடுக்கு மோர்ஸ் தேவையில்லை. செயற்கைக்கோள் வழியே பேச அதுவே தாராளம். விண்ணப்பம் சரள் சஞ்சார் தளத்தில்.

பாஸ் செய்து, சரிபார்ப்பெல்லாம் முடிந்தால் வி.யூ.3 என்று தொடங்கும் ஒரு அழைப்புக்குறி கிடைக்கும். ஜெனரல் நிலைக்கு வி.யூ.2. முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான், வி.யூ.2ஆர்.ஜி. இந்தக் குறிதான் காற்றில் உங்கள் முகவரி. உலகத்தில் வேறு யாருக்கும் அது கிடையாது. வாட்ஸ்அப் எண்ணை மாற்றலாம், இதை மாற்ற மனசு வராது.

ஆனால் பரீட்சைக்கும் அழைப்புக்குறிக்கும் நடுவே ஒரு காத்திருப்பு இருக்கிறது. அங்கேதான் பலருக்கும் ஆர்வம் வடிந்துவிடுகிறது. பதிலே தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும் ஒரு கல்லூரி மாணவருக்கு, ஆன்லைனில் மறைவாக விற்கப்படும் செட்டைக் காட்டினால் என்ன நடக்கும்? விற்பனையைக் கட்டுப்படுத்தியது சரி. அதே வேகத்தில் உரிமம் வழங்குவதையும் விரைவுபடுத்துவதுதான் அதன் மறுபாதி. விண்ணப்பித்து இத்தனை நாளுக்குள் பதில் என்று ஒரு காலக்கெடு இல்லாதவரை, சட்டத்தை மதிக்கிறவர்தான் தண்டனை அனுபவிப்பார்.

சென்னைக்கு இது புதுசா?

கொஞ்சமும் இல்லை. உலகின் முதல் அமெச்சூர் செயற்கைக்கோள் ஆஸ்கர்-1 பறந்தது 1961 டிசம்பர் 12-ல், ஸ்புட்னிக் போய் நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. நமக்கு அந்த நாள் 2005 மே 5. பி.எஸ்.எல்.வி.-சி6-ல் கார்ட்டோசாட்-1 உடன் போன 42.5 கிலோ ஹாம்சாட், அதாவது விஓ-52. உள்ளே இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள்: ஒன்று இந்தியாவில் செய்தது, இன்னொன்று நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு ஹாம் செய்தது. பேட்டரி கைவிட்டு 2014 ஜூலையில் முடிவு அறிவிக்கப்படும்வரை, ஒன்பது வருடத்துக்கும் மேலாக அது உலக ஹாம்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது.

அப்புறம் வந்தவற்றில் பாதிக்கு மேல் நம்ம ஏரியா. 2009 ஏப்ரல் 20-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட், 40 கிலோ, இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதல் செயற்கைக்கோள். அதன் பின்னணியில் இருந்தது ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் நேராகப் போனால் வரும் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகம். 2011-ல் காட்டாங்குளத்தூரிலிருந்து எஸ்.ஆர்.எம்.சாட். 2016-ல் ஓ.எம்.ஆரிலிருந்து ஒன்றரைக் கிலோ சத்யபாமாசாட். 2019 ஜனவரியில் சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா செய்த கலாம்சாட்-வி2. அதே அமைப்பு, அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேரைச் சேர்த்து உருவாக்கிய ஆசாதிசாட், 2022-ல் எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில் ராக்கெட்டோடு சேர்ந்து தோற்றது. 2023 பிப்ரவரி 10-ல் இரண்டாம் முறை ஜெயித்தது.

செயற்கைக்கோள் செய்யத் தெரிந்த ஊர் இது. அதன் வழியே பேசத் தெரிந்தவர்களையும் அதே கல்லூரிகள் உருவாக்கியிருக்க வேண்டாமா? ஒரு செயற்கைக்கோளுக்குச் சில கோடிகளும் பல வருடங்களும் ஆகும். ஓர் இ.சி.இ. வகுப்பையே இந்தத் தேர்வுக்குத் தயார்செய்ய ஒரு செமஸ்டரின் சனிக்கிழமைகள் போதும்.

2015 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள்

‘தாங்கல்’ என்றால் தண்ணீர் தேங்கும் சிறிய ஏரி. பெயரிலேயே நீரை வைத்திருக்கும் ஊர் ஈக்காட்டுத்தாங்கல். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த நீர் அடையாற்றில் பாய்ந்தபோது, ஜாபர்கான்பேட்டையும் சைதாப்பேட்டையும் இந்தப் பகுதியும் மூழ்கின. கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் செல்போன் டவர்களும் மௌனமாயின. எந்த மாடியில் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாமல் படகுகள் சுற்றின. ஹாம் தன்னார்வலர்களும் அப்போது செய்திகளைக் கடத்தினார்கள். அதற்குப் பதினோரு வருடம் முன்பு, 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நடந்தது இன்னும் பிரபலம். அமெச்சூர் ரேடியோ நிகழ்ச்சி ஒன்றுக்காக போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர், அந்தமான் தொடர்பற்றுப்போன நேரத்தில் தங்கள் செட்டுகள் வழியே வெளியுலகத்தோடு பேசினார்கள்.

இங்கே ஒன்றை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். தாழ்வாகப் பறக்கும் செயற்கைக்கோள் வெள்ள நேரத்தில் பெரிய உதவி செய்யாது. அது தன் நேரத்துக்கு வரும், பத்து நிமிடத்தில் போய்விடும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு குரலைத்தான் சுமக்கும். ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து அசோக் நகருக்குச் செய்தி சொல்லத் தரையில் உள்ள சாதாரண வி.எச்.எஃப். தொடர்புதான் சரி. ஆனால் பேட்டரியை எப்போதும் சார்ஜில் வைத்திருப்பது, குறைந்த சக்தியில் பேசுவது, இரைச்சலுக்குள் செய்தியைப் பிழையில்லாமல் எடுப்பது, கம்பியையும் குழாயையும் வைத்து ஆன்டெனா கட்டுவது எல்லாமே செயற்கைக்கோள் வேட்டையில் தானாக வந்துவிடும் பழக்கங்கள். வாரம் இரண்டு தடவை ஜாலிக்காக இதைச் செய்கிறவர், டவர் செத்த ராத்திரியில் திணற மாட்டார். ஒவ்வொரு வார்டிலும் லைசென்ஸ் வைத்திருக்கும் இருவர் யார் என்று மாநகராட்சியிடம் ஒரு பட்டியல் இருந்தால், அதற்கு ஆகும் செலவு அநேகமாக ஒரு எக்செல் ஷீட்.

கருவி: ஒரு மத்தியானம் ரிச்சி ஸ்ட்ரீட்

லைசென்ஸ் வந்தாச்சு. இப்போது வாங்கலாம். 144–146, 434–438 இரண்டிலும் இயங்கும் டூயல் பேண்ட் கையடக்க செட் ஒன்று. பில்லும் உரிம நகலும் எப்போதும் பையில் இருக்கட்டும். பொழுது சாயும் நேரத்தில் மாடியில் நின்று வானத்தை நோக்கி இரும்புக் குச்சிகளை ஆட்டும் ஒருவரைப் பார்த்தால் எதிர் பில்டிங்காரர் போலீஸுக்குப் போன் போடுவது இயல்புதானே. அப்பார்ட்மென்ட் என்றால் அசோசியேஷன் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாடிச் சாவியும் அவரிடம்தான் இருக்கும்.

செட்டோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா ஏமாற்றிவிடும். சுமார் 50 செ.மீ. நீளக் கம்பி ஆன்டெனா ஒன்று மாட்டினால் நிலைமை நன்றாக மாறும். 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் கால்வாசி நீளம் அது. 437-க்கோ ஏறக்குறைய முக்கால்வாசி. ஒரே கம்பி இரண்டுக்கும் பொருந்துவது ஓர் இனிமையான தற்செயல். அதற்கு அடுத்த படி, கையில் பிடிக்கும் யாகி. பழைய மாடி டி.வி. ஆன்டெனாவின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.வி.சி. குழாய், தச்சர்கள் பயன்படுத்தும் ஸ்டீல் அளவு டேப், கிளாம்புகள். இவை ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். கேபிளும் கனெக்டரும் ரிச்சி ஸ்ட்ரீட்டில். சாலிடரிங் தெரிந்த நண்பர் இருந்தால் ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்துவிடும். நீளத்தை மட்டும் அளந்து வெட்டுங்கள், கண்ணளவு உதவாது.

யாகி எதற்கு? 2002-ல் ஏவிய சவூதியின் எஸ்ஓ-50 கீழே அனுப்பும் சக்தி கால் வாட்தான். அந்தக் கால் வாட் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து, ஏ.சி. அவுட்டோர் யூனிட், எல்.இ.டி. போர்டு, செல் டவர் எல்லாம் கிளப்பும் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும். கிண்டி எஸ்டேட்டும் ஐ.டி. பார்க்குகளும் சூழ்ந்த இடத்தில் இது சின்ன சவால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரைச்சல் கொஞ்சம் அடங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

அந்தப் பத்து நிமிடம்

எப்போது வரும் என்பதை லுக்4சாட், ஹெவன்ஸ் அபவ் போன்ற ஆப்கள் நொடிக் கணக்கில் சொல்லிவிடும். தொடக்கத்துக்கு விண்வெளி நிலையம் நல்ல தேர்வு. ரிப்பீட்டர் இயங்கும் நாட்களில் 145.990-ல், 67 ஹெர்ட்ஸ் டோன் வைத்துப் பேச வேண்டும், 437.800-ல் கேட்க வேண்டும். நேர் தலைக்கு மேலே வரும்போது அது 400 சொச்சம் கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. காரில் மதுரை போகிற தூரத்தைவிடக் குறைவு! அடிவானத்தில் இருக்கும்போது அதே தூரம் 2,000 கி.மீ.யைத் தாண்டிவிடும். எனவே உயரமாக ஏறும் சுற்றுகளைத் தேர்ந்தெடுங்கள். 2025 ஜூலையில் அங்கிருந்த சுபான்ஷு சுக்லா, பெங்களூருவிலும் ஷில்லாங்கிலும் மாணவர்களோடு பேசியதும் இதே ஹாம் ரேடியோ வழியாகத்தான்.

அது மணிக்கு 28,000 கி.மீ. வேகத்தில் வருகிறது. ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சைரன் கீச்சென்றும், விலகும்போது தணிந்தும் கேட்குமே, அதே டாப்ளர் விளைவு இங்கேயும் உண்டு. 437.800 என்று எழுதியிருந்தாலும் எழும்போது 437.810-ல் கேட்கும், போகப்போக இறங்கி 437.790-ல் மறையும். ஐந்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஐந்து மெமரிகளைப் போட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்குவதுதான் வழக்கம். பேசும் 145-ஐத் தொட வேண்டாம், எஃப்.எம்.மில் அந்தச் சிறிய விலகல் சமாளிக்கும். குரல் திடீரென்று மங்கினால் பதறாதீர்கள். மணிக்கட்டைத் திருப்பி ஆன்டெனாவைச் சாய்த்துப் பாருங்கள், பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

எஸ்ஓ-50-க்கு ஒரு சின்னச் சடங்கு உண்டு. அதன் ரிப்பீட்டர் பத்து நிமிட டைமரில் இயங்கும். அணைந்திருந்தால் 145.850-ல் 74.4 ஹெர்ட்ஸ் டோனைச் சில நொடி அனுப்பி எழுப்ப வேண்டும், பிறகு 67-க்கு மாறிப் பேச வேண்டும். பதில் 436.795-ஐ ஒட்டி வரும். ஐஓ-86-க்கு 145.880, டோன் 88.5, கேட்பது 435.880. அதன் ரிப்பீட்டர் எந்நேரமும் இயக்கத்தில் இருக்காது. ஆம்சாட் அமைப்பின் நிலவரப் பக்கத்தில் எது விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று முந்திய சில மணி நேரத்துக் கணக்கே கிடைக்கும்.

மரியாதை முக்கியம். விண்வெளி நிலையம் சென்னைக்கு மேல் இருக்கும்போது டெல்லி, கொழும்பு, டாக்கா எல்லாமே அதன் காதில் விழுகின்றன. இத்தனை பேருக்கும் ஒரே பாதை. நீங்கள் “ஹலோ, ஹலோ, கேக்குதா?” என்று அரை நிமிடம் பிடித்துக்கொண்டால் மூன்று நாடுகளின் உரையாடல் நிற்கும். கீழே வரும் குரல் காதில் விழாதவரை பட்டனைத் தொடக் கூடாது என்பதே எழுதப்படாத சட்டம். தொழில் பேச்சு, பாட்டு, ரகசியக் குறியீடு எதற்கும் அனுமதியில்லை.

பேசுவதும் கொஞ்சம்தான். உங்கள் அழைப்புக்குறி, அவருடைய அழைப்புக்குறி, இருப்பிடக் கட்டத்தின் எண், நன்றி. பத்து நொடியில் முடிந்துவிடும். நேரம், குறி, கட்டம் எழுதுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார் என்பதால் போனில் ரெக்கார்டிங் போட்டுவிட்டு அப்புறம் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

அந்தக் கட்டம் என்பது உலகத்தைச் சதுரங்கப் பலகைபோல் பிரித்து வைத்த கணக்கு. ஈக்காட்டுத்தாங்கல் என்.கே.03. பதின்மூன்றாவது அட்சரேகை சரியாக இந்தப் பக்கத்தில்தான் ஓடுகிறது, அதற்குத் தெற்கே கட்டம் மாறிவிடும். மெட்ரோவில் ஏறி இரண்டாவது ஸ்டேஷனான பரங்கிமலையில் இறங்கினால் நீங்கள் என்.கே.02. கட்டம் சேகரிக்கும் பைத்தியம் பிடித்த ஹாம்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு நேற்று 03 கொடுத்தீர்கள் என்றால், அடுத்த சுற்றுக்குள் ஆன்டெனாவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறுவீர்களா என்று இன்று கட்டாயம் கேட்பார்.